போர்சிக்கின் கதையை அப்பாவுக்குச் சொன்னது யார்

"நான் சொன்ன எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டாயா?" என்று பெர்லின் பள்ளிக்கூடத்தில் லெம்கே ரீச்சர் அன்றைக்குக் கேட்டார், ஜெர்மன் மொழியில், கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல்... ஆரணி தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஓம் என்று சொல்லியிருந்தால் அது பொய் என்று அவளுடைய காதுக்கே கேட்டிருக்கும், ஆட்டினதால் கேட்கவில்லை, அப்போது பதினொரு வயதுத் தலை, ஆடிவிட்டது, அந்த ஆட்டலில் ஒரு குடும்பமே பெர்லினிலிருந்து பெயர்ந்து லண்டனில் வந்து விழுந்தது என்று யாரிடம் சொல்ல, சொல்லவேண்டிய ஒரே ஆள் இதோ, கோலியர்ஸ் வுட் நிலையத்தின் நகரும் படியில் அவளுக்கு ஒரு படி கீழே நிற்கிறார், ஒரு கையில் பெரிய பெட்டி, மறு கையில் அம்மா கட்டிக்கொடுத்த புட்டுப் பார்சல், பிடரி மயிர் இந்த ஒரு வருடத்தில் நன்றாக வெளுத்துப்போயிருக்கிறது. அப்பா இன்றைக்குப் பெர்லினுக்குத் திரும்பிப் போகிறார். விடுமுறைக்கு இல்லை, ஒரேயடியாக. மத்தியானம் விக்டோரியாவிலிருந்து பஸ். இரண்டு இருக்கை பதிந்திருக்கிறார், ஒன்று தனக்கு, மற்றது அவளுக்கு, அவள் வந்தால். "வர விருப்பமெண்டா வாயால சொல்லோணும் பிள்ளை, உந்தத் தலையாட்டுற வேலை என்னட்டை வேண்டாம், பஸ் வெளிக்கிடு மட்டும் உனக்கு நேரம்" என்று போன கிழமை சொன்னார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அப்பா சிரித்துக்கொண்டு சொல்கிறவற்றைத்தான் மாற்றுவதில்லை. கடவுச்சீட்டு ஜக்கெற்றின் உள்பைக்குள் கிடந்து நெஞ்சில் இடிக்கிறது. போக விருப்பம், கடவுளே, எவ்வளவு விருப்பம்... ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் எப்படி அவருக்குப் பக்கத்தில் போய் இருப்பது, முதலில் அதைச் சொல்லவேண்டும், பிறகு வருகிறேன் என்று சொல்லவேண்டும், இரண்டே இரண்டு, அதுவும் அந்த ஒழுங்கில், வாய் ஒத்துழைத்தால் ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

வண்டி வந்து நின்றது. அப்பா வழக்கம்போல அதன் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், "உது எஞ்சினே? முகம் கீறின பெட்டி." லண்டனுக்கு வந்த நாளிலிருந்து இதையே சொல்கிறார், சுரங்க வண்டி எதுவும் அவருக்குப் பிடிப்பதில்லை, எஞ்சின் என்றால் புகை போகவேண்டும், பக்கத்தில் நின்றால் நெஞ்சாங்கூடு அதிரவேண்டும், எஞ்சின் என்றால் அவருக்கு ஒரே ஒரு ஆள்தான், போர்சிக், ஓகஸ்ட் போர்சிக், இருநூறு வருடத்துக்கு முந்திப் பிறந்த ஜெர்மன்காரன், அப்பா அவரைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டால் ஏதோ ஒன்றுவிட்ட சித்தப்பா என்று நினைக்கத் தோன்றும். "தச்சன்ர மகன் பிள்ளை அவன், தானும் தச்சன்தான், பெர்லினுக்குப் படிக்க வந்தவன், படிப்பிச்சவை என்ன சொல்லிச்சினம் தெரியுமே, தம்பி உனக்கு இயந்திரம் சரிவராது, வேற வேலை பார் எண்டு! அவன் பிறகு என்ன செய்தவன்? சொல்லு பாப்பம்." அவள் சொல்லமாட்டாள், அவரே சொல்லுவார், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இரும்பு வார்க்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தது, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டது, முதல் வார்ப்புக்குத் துருத்தி மிதிக்க ஆள் இல்லாமல் பக்கத்துப் பட்டாள முகாமிலிருந்து சிப்பாய்களைக் கூட்டிவந்து மிதிக்கவிட்டது, இங்கிலாந்து எஞ்சினைத் தவிர வேறு எதுவும் தண்டவாளத்தில் ஓடாது என்று ஊரே நம்பியிருந்த காலத்தில் தன்னுடையதை அதோடு ஓட்டப்போட்டிக்கு விட்டது... "பத்து நிமிசம்! பத்து நிமிசம் முந்திப் போய் நிண்டுது பிள்ளை!" என்று சொல்லும்போது அப்பா எங்கே இருந்தாலும் எழும்பி நின்றுவிடுவார், சாப்பாட்டுக் கையோடு, ஒருமுறை பெரியம்மா வீட்டுக் கல்யாணப் பந்தியிலும். "அப்பனும் மகளும் ரயில் கதை கதைச்சே சீவியத்தை ஓட்டிப்போடுங்கோ" என்று அம்மா பாத்திரத்தை அடித்து வைப்பாள். ஆரணிக்கு அந்தக் கதையில் ஒரே ஒரு இடம்தான் மனதுக்குள் வரும், தோற்ற எஞ்சினில் நின்றவன், அந்த ஓட்டுநர், முன்னால் யாரும் இல்லாத தண்டவாளத்தில் அந்தப் பத்து நிமிடமும் அவன் என்ன நினைத்திருப்பான், கரி அள்ளிப் போட்டவனோடு ஒரு சொல் கதைத்திருப்பானா... கதைத்திருக்கமாட்டான்.

டூட்டிங் புறோட்வேயில் கதவு திறந்து மூடியது, மரக்கறிப் பைகளோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள், ஒருத்தி அப்பாவின் பெட்டியைப் பார்த்து "என்ன அண்ணை, ஊருக்கோ?" என்றாள், அப்பா "ஓம் தங்கச்சி, ஊருக்குத்தான்" என்றார். பெர்லினை ஊர் என்கிறார். பெர்லினில் இருந்தபோது எதை ஊர் என்றாரோ அதை இப்போது ஒன்றும் சொல்வதில்லை... லெம்கே ரீச்சரின் அந்தப் பள்ளிக்கூட அறை, சின்னக் கதிரைகள், அப்பா முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார், வேலை உடுப்போடு. பெர்லினின் வடக்கே டேகல் என்ற இடத்தில் போர்சிக்கின் பேரப்பிள்ளைகள் கட்டின தொழிற்சாலைக் கூடங்கள் இன்றைக்குக் கடைத்தொகுதி, கோட்டை வாசல் மாதிரி இரண்டு வட்டக் கோபுரம் வைத்த சிவப்புச் செங்கல் வாசலுக்குப் பக்கத்தில், அங்கே நிலம் மினுக்குகிற இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போவதுதான் அப்பாவின் வேலை, அங்கேயிருந்து நேரே வந்திருந்தார், சவர்க்கார வாசனை அடித்தது. ஆறாம் வகுப்பு முடிகிற நேரம், இனி எந்தப் பள்ளிக்கூடம் என்று ரீச்சர் சொல்கிற நாள். கெட்டிக்காரப் பிள்ளைகள் போகிற ஜிம்னாசியமா, மற்றதா. "நீ சொல்லு பிள்ளை, எனக்கு உவையின்ர பாஷை விளங்காது" என்று அப்பா கையைக் காட்டிவிட்டார், வைத்தியரிடத்தில், தபால் கந்தோரில், வீட்டுக்காரனிடம், எல்லா இடத்திலும் அப்படித்தான், அவளை முன்னால் தள்ளிவிட்டு அப்பா பின்னால் நிற்பார். ரீச்சர் சொன்னார், ஜிம்னாசியத்துக்கு நான் இவளை இப்போது சொல்லமாட்டேன். அவள் தமிழில் சொன்னாள். வகுப்பில் இவள் வாய் திறப்பதே இல்லை. அதையும் சொன்னாள். கணக்கு பலவீனம். சொன்னாள். பிறகு ரீச்சர் குனிந்து, அவளைப் பார்த்து இல்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார், ஆனால் இவள் எழுதுவதைப் போல என் வகுப்பில் யாரும் எழுதுவதில்லை, ஒரு வருடம் கூடுதலாக எடுத்தாலும் இவள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவாள், மற்றப் பள்ளிக்கூடத்திலிருந்தும் பல்கலைக்கழகத்துக்கு வழி இருக்கிறது, தயவுசெய்து பயப்படாதீர்கள்.

அதை அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தன்னைப் பற்றித் தன் வாயால், அப்பாவின் முகத்தைப் பார்த்து, அப்பா நான் நல்லாய் எழுதுவேனாம், என்னைப் போல ஒருத்தரும் இல்லையாம் என்று... எந்தப் பிள்ளை சொல்லும்? லெம்கே ரீச்சரின் மகள் சொல்லுவாளாயிருக்கும். தன் புளுகைத் தானே அவிழ்க்கிறதைப்போல வெட்கம் கெட்ட வேலை உலகத்தில் இல்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள், பெரியம்மாவின் பிள்ளைகள் பரிசு வாங்கினால் அதைப் பெரியம்மாதான் வந்து சொல்லவேண்டும், பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும், அதுதான் முறை. அவளும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்காகச் சொல்ல அந்த அறையில் வேறு தமிழர் இல்லை. கூடாததை எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள், நல்லதை விழுங்கிவிட்டாள். அப்பா வீட்டுக்கு வந்து அன்றைக்கே அம்மாவிடம் சொன்னார், "லண்டனுக்குப் போவம், இங்கிலீஸ் படிப்பு, உன்ர அக்கா அங்க இருக்கிறா, ஐரோப்பாக் கடவுச்சீட்டுக்காரருக்கு டிசம்பரோட கதவைப் பூட்டப்போறாங்கள், அதுக்கு முதல் போயிடுவம்." ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்த தமிழ்ச் சனம் பிள்ளைகளின் படிப்புக்காக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, இருபது வருட வேலையை விட்டுவிட்டு, டேகல் வீட்டை விட்டுவிட்டு... ஒரு வாக்கியம், அப்பா, நான் ஒரே ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

வண்டி பாலமிலும் கிளாப்பமிலும் நின்று நின்று போகிறது, ஒவ்வொரு முறையும் கதவு மூடும்போது அவள் நினைக்கிறாள், அடுத்த நிலையத்துக்கு முன் சொல்லுவேன், அடுத்ததுக்கு முன்... லண்டனில் முதல் வருடம் நன்றாகவே இருந்தது, நோய்க்காலம், எல்லாருக்கும் முகமூடி, பள்ளிக்கூடமே வாயில்லாமல் இருந்தது, அவளைப் போல. பிறகு முகமூடிகள் போய்விட்டன, எல்லார் வாயும் வெளியே வந்தது, அவளுடையது மட்டும் வரவில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பேச்சுப் பரீட்சை, விருப்பமான ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும், அவள் போர்சிக்கைத் தேர்ந்தெடுத்தாள், வேறு யாரைத் தெரியும் அவளுக்கு, ஒரு மாதம் அறைக்குள் நின்று பேசிப் பழகினாள், அப்பா மாதிரி அந்தப் பத்து நிமிடத்துக்கு எழும்பவேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள், ஏற்கெனவே நின்றுகொண்டு எப்படி எழும்புவது என்று யோசிக்கவில்லை. வகுப்புக்கு முன்னால் போய் நின்றாள். ஓகஸ்ட் போர்சிக் என்ற பெயர் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை, மணிக்கூடு ஓடியது, கடைசி வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாக, மிக மெதுவாக, நிலையத்தை விட்டு வெளிக்கிடுகிற புகைவண்டி மாதிரி, ச்சூ... ச்சூ... வகுப்பு முழுவதும் பிடித்துக்கொண்டது. பிறகு நடைபாதையில், சாப்பாட்டுக்கூடத்தில், கழிவறைக் கதவுக்கு வெளியே, அவள் போகுமிடமெல்லாம் அந்த வண்டி வந்தது, ஒரு நாள் காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தவள் எழும்பவில்லை, அவ்வளவுதான் அவளுடைய படிப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார்கள், கவுன்சிலிலிருந்து வந்தார்கள், நல்ல மனிதர்கள், கதவுக்கு வெளியே நின்று அன்பாகக் கதைத்தார்கள். அப்பா மட்டும் கதவுக்கு வெளியே நிலத்தில் உட்கார்ந்து, "அவனும் பாதியில விட்டவன்தான், தெரியுமெல்லே?" என்றார். கதவுக்கு இந்தப் பக்கம் தலையணையைக் கடித்துக்கொண்டு அவள் நினைத்தாள், போதுமப்பா, அவன் பாதியில் விட்டுவிட்டு எஞ்சின் செய்தான், நான் பாதியில் விட்டுவிட்டு என்ன செய்கிறேன், உங்கள் கதையில் எனக்கு எந்த இடம்?

ஸ்டொக்வெல். "இறங்கு, எதிர்ப்பக்க வண்டிதான்" என்று அப்பா பெட்டியை இழுத்தார், தோள் வலிக்கிறது அவருக்கு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மற்றக் கைக்கு மாற்றினார், இங்கே பஸ் கழுவுகிற வேலையில் கையை உயர்த்தி உயர்த்திக் கெட்டுப்போன தோள், இனி அந்த வேலை ஏலாது என்று ஆன பிறகுதான் டேகலின் பழைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் வந்தார், இருந்து பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது என்று, அந்த அழைப்புகளை அப்பா பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுப்பார், சிகரெட் மணக்கும் என்று அம்மா ஏசுவதால். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். "ஒரு வாழ்க்கையில எத்தினை தரம் பெட்டி கட்டுறது, நான் அக்காவோட இருக்கிறன், நீங்கள் போங்கோ, இவள் வந்தாக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள், அழவில்லை, அழாததுதான் பயமாக இருந்தது. இன்றைக்குக் காலையில் அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு "போட்டு வாறன்" என்றார், குப்பை கொட்டக் கீழே இறங்கினாலும், பால் வாங்கப் போனாலும் சொல்லாமல் போகாத மனிதன், அதே குரலில்தான் சொன்னார், அம்மா குசினியிலிருந்து திரும்பாமலே "ம்" என்றாள். திரும்பி வராதவரின் பொய்யான போட்டு வாறன். அதற்குப் பொய்யான ம்.

விக்டோரியா வண்டியில் சத்தம் அதிகம், கத்தினாலும் கேட்காது, இதற்குள் சொல்ல ஏலாது, இறங்கித்தான் சொல்லவேண்டும், நல்ல சாட்டு... அப்பா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அறைக்குள் இருந்த இந்த இரண்டு வருடத்தில் போர்சிக்கைப் பற்றிக் கைத்தொலைபேசியில் கிடைத்ததை எல்லாம் அவள் வாசித்துவிட்டாள். அப்பா சொன்னதெல்லாம் அநேகமாகச் சரி. வீட்டோடு கண்ணாடி மாளிகை கட்டிப் பனை வளர்த்தான் என்றது மட்டும் அரைவாசிப் பொய், "யாழ்ப்பாணத்தான் மாதிரிப் பனையில ஆசை அவனுக்கு" என்பார், அது வேறு ஏதோ வெப்ப நாட்டு மரங்கள், நுங்கு காய்க்காது. ஆனால் முடிவை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஐந்நூறாவது எஞ்சின் செய்து முடித்து ஊரே கொண்டாடின அதே வருடம் ஆள் செத்துப்போனான், ஐம்பது வயது. அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு. தெரியாமல் விட்டாரா, தெரிந்து விட்டாரா? இதெல்லாம் யார் அவருக்குச் சொன்னது? கடைத்தொகுதி வாங்கிலில் தினமும் வந்து குந்தியிருக்கிற ஒரு கிழவர், அந்தத் தொழிற்சாலையில் கடைசிக் காலத்தில் வேலை செய்தவர், அவர் சொன்னது என்று ஒருமுறை சொன்ன ஞாபகம். கிழவர் எந்த மொழியில் சொன்னார்? அப்பாவுக்குத் தெரிந்த ஜெர்மன் நாலு சொல், வணக்கம், நன்றி, வாளி, நிலம் ஈரம் கவனம். அதை வைத்துக்கொண்டு துருத்தி மிதித்த சிப்பாய்களின் கதையை... வோக்ஸோல் வந்தது, சனம் ஏறியது, யாரோ அவள் காலை மிதித்தார்கள், யோசனை அறுந்துபோனது.

நிலையத்திலிருந்து பஸ் நிற்குமிடம் வரைக்கும் நடந்தார்கள், பெட்டியின் சில்லு ஒன்று கத்தியது. இப்போது. இந்த மரத்தடியில். அப்பா, லெம்கே ரீச்சர் இன்னும் ஒன்று சொன்னவ... அவ்வளவுதான், தொடங்கிவிட்டால் மற்றது தானாக வரும். அப்பா நின்று "களைக்குதோ?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் அந்தத் தலையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தார். பெர்லின் பஸ் பச்சையாக, கண்ணாடியெல்லாம் அழுக்காக, வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது, சாரதி பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார், பெரிய உடம்பு, நரைத்த மீசை, அப்பாவின் பெட்டியைத் தூக்கியதும் மூச்சை விட்டார், இதற்குள் என்ன, இரும்பா என்று ஜெர்மன் மொழியில் முணுமுணுத்தார், அப்பாவிடம் கேட்டதுகூட இல்லை, தனக்குத்தானே. அவள் வாயைத் திறக்கப் போனாள், பழக்கம், அப்பாவுக்காகப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே, அம்மா பெட்டிக்குள் வைத்தது இரும்புத் தோசைக்கல்லும் அரிசிமாவும் என்று சொல்லவேண்டும்... அதற்குள் அப்பா சொன்னார். "எஞ்சின். நூற்றெண்பது வருடம் பழசு. இங்கே ஒருவருக்கும் தேவையில்லையாம், அதனால் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகிறேன்." ஜெர்மன் மொழியில். சாரதி நிமிர்ந்து பார்த்தார், "அப்படியானால் தண்டவாளத்தையும் நீங்களே கொண்டுவந்திருக்க வேண்டும்!" என்று சத்தமாகச் சிரித்தார், அப்பா அதற்கு ஒன்று சொன்னார், அதற்கு அவர் ஒன்று, டேகலா நீங்கள், என் மாமனாரும் டேகல்தான், போர்சிக் வாசலுக்குப் பின்னால்... அப்பா பேசிக்கொண்டே போனார், நீளமான வாக்கியங்கள், வினை கடைசியில் போய்ச் சரியாக விழுகிற வாக்கியங்கள், பெர்லின் தெருச் சனம் பேசுகிற அதே கொச்சையில், ஒரு பிழை இல்லாமல், அவளுடையதைவிட நன்றாக.

சாரதி அவளைக் காட்டி, மகளா, இவளும் வருகிறாளா என்று கேட்டார். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. "தெரியாது. ஆனால் ஒரு வருடம் கூடுதலாக எடுத்தாலும் இவள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவாள். இவளுடைய ரீச்சர் சொன்னது. இவளைப் போல ஒருத்தரும் எழுதுவதில்லை என்றும் சொன்னார்." அதே சொற்கள். ஒழுங்கு மட்டும் மாறி.

அப்படியென்றால் கேட்டிருக்கிறார்... அந்தச் சின்னக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், அவள் தமிழில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும், வைத்தியரிடத்தில், தபால் கந்தோரில், நீ சொல்லு பிள்ளை, நீ சொல்லு பிள்ளை என்று பின்னால் நின்றது விளங்காமல் இல்லை, ஊமைப் பிள்ளைக்கு வாய் திறக்கட்டும் என்று தன் வாயைப் பூட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், அத்தனை வருடமும்... பிறகு ஏன் வந்தோம்? எல்லாம் விளங்கியிருந்தால் ஏன் லண்டன்? அவள் அந்த வாக்கியத்தை விட்டதைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு இங்கே இருக்க விருப்பமில்லை, அதுதான் நல்லதை மறைக்கிறாள் என்று நினைத்தாரா? அவளுக்காகவா, அவள் கேட்காததை அவள் கேட்டதாக நினைத்தா? வெட்கப்பட்டேன் அப்பா, வெட்கம் மட்டும்தான்... அவள் சேர்த்துவைத்திருந்த முதல் வாக்கியத்தை அவரே சொல்லிவிட்டார், அது இனி அவளுக்கு உதவாது, அதற்குப் பின்னால் நின்ற வருகிறேன் என்ற சொல் வழி தெரியாமல் நிற்கிறது, அதற்கு முன்னால் ஏனப்பா என்ற கேள்வி வந்து குறுக்கே விழுந்து கிடக்கிறது, எதை முதலில், எதை...

சாரதி மேலே ஏறி இயந்திரத்தை முடுக்கினார். அப்பா ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து நின்றார், அவள் வாய் திறந்திருந்தது, அதை அவர் பார்த்தார், திறந்த வாய்க்குள்ளிருந்து ஏதாவது வரும் என்று தோளை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு காத்து நின்றார், நிலம் அதிர்ந்தது, அவளுடைய நெஞ்சும், சாரதி ஒருமுறை ஒலியெழுப்பினார். அப்பா புட்டுப் பார்சலைப் பிரித்து அதில் பாதியை அவள் கையில் வைத்தார். பிறகு திரும்பி, கம்பியைப் பிடித்து, பால் வாங்கப் போனாலும் சொல்கிற அந்தப் போட்டு வாறனையும் சொல்லாமல், ஏறி உள்ளே போனார்.